தத்துவக் கேள்வியைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்து வந்தவர்

2022-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை அலைன் ஆஸ்பெ, ஜான் கிளாஸர், ஆன்டன் ஸைலிங்கர் ஆகிய மூவர் பகிர்ந்துகொண்டார்கள். பின்னிப் பிணைந்த ஒளித்துகள்களைக் கொண்டு, இயற்கையைப் பற்றி நாம் கொண்டிருந்த மிகப் பழைய நம்பிக்கை ஒன்றைச் சோதித்துப் பார்த்ததற்கான பரிசு அது. இந்தச் சோதனைகளுக்கு வழிகாட்டியது 1969 அக்டோபரில் 'ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வந்த ஒரு சிறிய கட்டுரை. அதை எழுதியவர்கள் நால்வர். மூவர் இளம் இயற்பியலாளர்கள். நான்காமவர் 41 வயதான ஏப்னர் ஷிமோனி, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தையும் இயற்பியலையும் சேர்த்துக் கற்பித்தவர்.

அறிவியலுக்குத் தத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களுக்கு ஷிமோனியின் வாழ்க்கையைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. விடை கிடைக்காது என்று பெரும்பாலோர் ஒதுக்கி வைத்த ஒரு கேள்வியை எடுத்து, கருவிகளால் அளக்கக்கூடிய ஓர் எண்ணாக ஆக்கும் வேலையில் பங்கெடுத்தவர் அவர். அந்த வேலைக்குக் கணிதமும் சோதனைத் திறமையும் தேவைப்பட்டதுபோலவே தத்துவப் பயிற்சியும் தேவைப்பட்டது.

பூஜ்ஜியம் கொடுக்காத மனம்

ஷிமோனி 1928-இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார்; வளர்ந்தது டென்னஸி மாநிலத்தின் மெம்ஃபிஸில். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் தத்துவமும் படித்துவிட்டுச் சிகாகோவுக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் ரூடால்ஃப் கார்னாப். வியன்னா வட்டத்தின் முக்கியமான சிந்தனையாளரான கார்னாப், அனுபவத்தால் சரிபார்க்க முடியாத கூற்றுகளுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்டவர். உலகத்தின் அடிப்படை இயல்பு என்ன என்று கேட்கும் மெய்ப்பொருளியல் முழுவதையும் அவர் இந்த அளவுகோலால் விலக்கினார். கார்னாப்பின் கறாரான தர்க்கத்தை ஷிமோனி எடுத்துக்கொண்டார். அந்த விலக்கை ஏற்கவில்லை. வைட்ஹெட், பியர்ஸ் ஆகிய தத்துவவாதிகளை விரும்பிப் படித்த அவருக்கு, உலகத்தின் இயல்பைக் கேட்பது கைவிடக்கூடிய ஆசையாகத் தோன்றவில்லை.

1953-இல் யேலில் தத்துவத்துக்கான முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வு நிகழ்தகவைப் பற்றியது. ஒரு கூற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை எண்ணால் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த எண்கள் நிகழ்தகவு விதிகளை மீறினால், எது நடந்தாலும் நாம் தோற்றே தீரும்படி ஒருவர் நம்மோடு பந்தயம் கட்டிவிட முடியும் என்பது ஏற்கெனவே தெரிந்த முடிவு. 1955-இல் வெளியான கட்டுரையில் ஷிமோனி நிபந்தனையை இன்னும் இறுக்கினார்: வெல்ல வாய்ப்பே இல்லாமல் தோற்க மட்டுமே வாய்ப்புள்ள பந்தயத்திலும் நாம் மாட்டக்கூடாது. இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. தர்க்கப்படி சாத்தியமான எந்தக் கூற்றுக்கும் பூஜ்ஜிய நிகழ்தகவு கொடுக்கக்கூடாது. பூஜ்ஜியம் கொடுத்துவிட்டால், பிறகு எத்தனை சான்று குவிந்தாலும் அந்த எண் நகராது.

இந்த விதியை அவர் தாளோடு விட்டுவிடவில்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதிலும் பார்க்கலாம்.

தத்துவத்தில் பட்டம் வாங்கியபின், ராணுவப் பணியை முடித்துக்கொண்டு, பிரின்ஸ்டனில் இயற்பியலை முறையாகப் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஆர்தர் வைட்மன் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஐன்ஸ்டைன், போடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் படித்து, அதில் எங்கே தவறு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் கட்டுரையின் வாதம் எளியது. ஒரே மூலத்திலிருந்து கிளம்பி எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அளந்தால், மற்றதைத் தொடாமலே அதன் மதிப்பைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. இங்கே அளந்ததால் தொலைவில் இருப்பது அந்தக் கணமே மாறிவிடாது என்றால், அந்த மதிப்பு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். குவாண்டம் கோட்பாட்டிலோ முன்பே இருக்கும் அந்த மதிப்புக்கு இடமில்லை. ஆகவே கோட்பாடு முழுமையானதாக இருக்க முடியாது.

ஷிமோனி படித்தார். தவறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. ஐன்ஸ்டைனின் இந்தக் கவலைக்கு நீல்ஸ் போர் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டார், பேசி முடிந்த விஷயம் என்பதே அன்றைய இயற்பியலாளர்களின் பொதுவான எண்ணம். முடிந்துவிட்டதாக ஷிமோனியால் நம்ப முடியவில்லை. யூஜின் விக்னரின் வழிகாட்டலில் புள்ளியியல் இயக்கவியலில் ஆய்வு செய்து, 1962-இல் இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார். அதற்குள் எம்.ஐ.டி.யின் தத்துவத் துறையில் ஆசிரியராகவும் சேர்ந்துவிட்டிருந்தார்.

ஜான் பெல்லின் தாள்கள்

1964-இல் அயர்லாந்துக்காரரான ஜான் பெல், ஐன்ஸ்டைனின் வாதத்திலிருந்து ஒரு தேற்றத்தை வருவித்தார். அது அதிகம் பேர் படிக்காத ஒரு புதிய இதழில் வெளிவந்தது. அதன் முன்பிரதி ஷிமோனிக்கு அஞ்சலில் வந்துசேர்ந்தது. மங்கலாக நகலெடுத்த தாள்கள். கணக்கில் சிறு பிழைகள் வேறு. எங்கிருந்தோ வந்த இன்னொரு விசித்திரமான கட்டுரை என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனாலும் மறுபடி படித்தார். படிக்கப் படிக்க, கையில் இருப்பது மிகப் பெரிய விஷயம் என்று புரிந்தது.

பெல் கண்டது என்ன? ஒரு விளையாட்டின் வடிவில் பார்ப்பது சுலபம். இரண்டு நண்பர்கள் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் காசு சுண்டிப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியையோ இரண்டாம் கேள்வியையோ கேட்கிறார். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. இருவருக்குமே இரண்டாம் கேள்வி வந்தால் பதில்கள் மாறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் பதில்கள் ஒத்துப்போக வேண்டும். அறைக்குள் போகுமுன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கூடிப் பேசித் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

எந்தத் திட்டம் போட்டாலும் நான்கு சேர்க்கைகளையும் நிறைவேற்ற முடியாது. இடது அறைக்காரரின் முதல் பதில், வலது அறைக்காரரின் இரண்டு பதில்களோடும் ஒத்துப்போக வேண்டும். அப்படியானால் வலது அறையின் இரண்டு பதில்களும் ஒன்றே. இடது அறையின் இரண்டாம் பதில் வலது அறையின் முதல் பதிலோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே அது வலது அறையின் இரண்டாம் பதிலோடும் ஒத்துப்போய்விடும். விதி மாறுபடச் சொல்வது அந்த இடத்தில்தான். நான்கில் மூன்றுக்கு மேல் வழியில்லை. சராசரி வெற்றி 75 விழுக்காட்டைத் தாண்டாது.

இனி நண்பர்களுக்குப் பதில் ஒளித்துகள்களை வைப்போம். ஓர் அணுவிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பும் இரண்டு ஒளித்துகள்கள் இடமும் வலமுமாகப் போகின்றன. இரு பக்கமும் ஒளி அதிரும் தளத்தைச் சோதிக்கும் வடிகட்டிகள் உண்டு. குளிர்கண்ணாடிகளில் இருக்கும் போலராய்டு செய்யும் வேலையைத்தான் இவையும் செய்கின்றன. ஒளித்துகள் வடிகட்டியைத் தாண்டினால் 'ஆம்', நின்றுவிட்டால் 'இல்லை'. எந்தக் கோணத்தில் வடிகட்டியை வைக்கிறோம் என்பதே கேள்வி. இரு வடிகட்டிகளுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன் வர்க்கம்தான் பதில்கள் ஒத்துப்போகும் நிகழ்தகவு என்கிறது குவாண்டம் கோட்பாடு. இடப்பக்கம் 0, 45 பாகைகளும், வலப்பக்கம் கூட்டல் 22.5, கழித்தல் 22.5 பாகைகளும் எடுத்துக்கொண்டால், மூன்று சேர்க்கைகளில் இடைக்கோணம் 22.5 பாகை, நான்காவதில் 67.5 பாகை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: விளையாட்டின் வெற்றி சுமார் 85 விழுக்காடு வருகிறது.

ஒளித்துகள்கள் கிளம்பும்போதே பதில்களைச் சுமந்து செல்கின்றன, ஓர் அறையில் நடப்பது மறு அறையை உடனே பாதிக்காது. இந்த இரண்டையும் நம்பினால் 75 விழுக்காடுதான் எல்லை. குவாண்டம் கோட்பாடு அந்த எல்லையைத் தாண்டும் என்கிறது. ஐன்ஸ்டைனுக்கும் போருக்கும் இடையே 30 ஆண்டுகளாகத் தத்துவச் சச்சரவாக இருந்தது, இப்படி இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாடாகிவிட்டது.

காகிதத்திலிருந்து கருவிக்கு

பெல்லின் மூலக் கட்டுரையை அப்படியே சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது. இரு பக்கமும் ஒரே திசையில் அளந்தால் பதில்கள் ஒரு பிசிறும் இல்லாமல் பொருந்தும் என்ற எடுகோள் அதில் இருந்தது. எந்த வடிகட்டியும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. எந்தக் கருவியும் வரும் ஒளித்துகள்கள் எல்லாவற்றையும் பதிவு செய்யாது. குறைகளோடு இருக்கும் நிஜக் கருவிகளுக்கும் பொருந்தும்படி தேற்றத்தை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

1968-இல் ஷிமோனி எம்.ஐ.டி.யை விட்டுப் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இரண்டு துறைகளிலும் ஒருசேரப் பணியாற்ற அங்கே இடம் இருந்தது. அங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த மைக்கேல் ஹோர்ன் என்ற மாணவரிடம் பெல்லின் தேற்றத்துக்கு ஒரு சோதனை கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தார். இருவரும் முதலில் பழைய தரவுகளைத் தேடினார்கள். 1950-இல் கொலம்பியாவில் வூவும் ஷக்னோவும் காமாக் கதிர் இணைகளை அளந்திருந்தார்கள். ஆனால் காமாக் கதிர்களுக்கு நல்ல வடிகட்டி கிடையாது. அந்த அளவீடுகள் இந்தக் கேள்விக்குப் போதவில்லை. பெர்க்லியில் கோச்சரும் கம்மின்ஸும் 1967-இல் செய்திருந்த சோதனை பொருத்தமாக இருந்தது. கால்சியம் அணு ஒன்று பச்சை ஒளித்துகளையும் ஊதா ஒளித்துகளையும் அடுத்தடுத்து வெளியிடும். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளி. குறை என்னவென்றால், வடிகட்டிகளை இணையாகவும் செங்குத்தாகவும் மட்டுமே வைத்து அளந்திருந்தார்கள். அந்த இரண்டு நிலைகளிலும் ஐன்ஸ்டைன் பக்கமும் குவாண்டம் பக்கமும் ஒரே விடையைத்தான் தரும். வேறுபாடு தெரிவது இடைப்பட்ட கோணங்களில்.

இதை எழுதி வாஷிங்டனில் நடக்கவிருந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்துக்கு அனுப்ப நினைத்தார்கள். கடைசித் தேதி தவறிப்போனது. கூட்டத்துக்கான சுருக்கங்கள் அச்சாகி வந்தபோது அதிர்ச்சி. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜான் கிளாஸர் அதே யோசனையைத் தனியாகக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தார். என்ன செய்வது என்று ஷிமோனி விக்னரிடம் கேட்டார். அந்த இளைஞரை அழைத்துப் பேசுங்கள் என்றார் விக்னர். பேசினார்கள், போட்டி கூட்டு முயற்சியானது. ஹார்வர்டில் அதே மாதிரியான சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹோல்ட்டும் சேர்ந்துகொண்டார்.

கிளாஸருக்குப் பெர்க்லியில் வேலை கிடைத்திருந்தது. நியூயார்க்கில் பாய்மரப் படகில் குடியிருந்த அவர், படகிலேயே கரையோரமாகத் தெற்கு நோக்கிக் கிளம்பிவிட்டார். ஷிமோனி கட்டுரை வரைவின் நகல்களை வழியிலுள்ள படகுத்துறைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார். கிளாஸர் கையில் கிடைத்ததைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். இப்படித்தான் நால்வருடைய பெயர்களின் முதலெழுத்துகளோடு 'சிஎச்எஸ்எச் சமனிலி' என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படும் முடிவு உருவானது. நான்கு சேர்க்கைகளிலும் பதில்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு எண்களில் மூன்றைக் கூட்டி நான்காவதைக் கழித்தால், முன்பே எழுதிவைத்த பதில்களால் 2-ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் கோட்பாடு 2.83 வரை போகலாம் என்கிறது. கருவி பிசிறில்லாமல் இருக்க வேண்டிய கட்டாயம் இந்த வடிவத்தில் இல்லை.

கட்டுரையில் என்னைக் கவர்வது அதன் நேர்மை. பெரும்பாலான ஒளித்துகள்கள் கருவியில் பதிவாகாமலே போய்விடும். பதிவானவை மொத்தத்துக்கும் சரியான மாதிரி என்று வைத்துக்கொண்டால்தான் முடிவு செல்லும். இந்த அனுமானம் தேவை என்பதை நால்வரும் மறைக்காமல் எழுதினார்கள். எது நிரூபிக்கப்பட்டது, எது எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பிரித்துக் காட்டுவது தத்துவத்தின் பழைய கைவேலை. பின்வந்த 50 ஆண்டுச் சோதனைகளின் திட்டம் அந்தப் பட்டியலிலிருந்தே பிறந்தது.

அணுக்கள் சொன்ன பதில்

1972-இல் பெர்க்லியில் கிளாஸரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் முதல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக அடுக்கிச் செய்த வடிகட்டிகளைக் கோணம் மாற்றி மாற்றி வைத்து, சுமார் 200 மணி நேரம் ஒளித்துகள் இணைகளை எண்ணினார்கள். குவாண்டம் கோட்பாடு தோற்கும் என்று எதிர்பார்த்தவர் கிளாஸர். அவருடைய கருவியே கோட்பாட்டின் பக்கம் நின்றது.

ஹார்வர்டில் ஹோல்ட்டும் பிப்கினும் பாதரச அணுக்களைக் கொண்டு செய்த சோதனை நேர்மாறான விடையைத் தந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று ஆனதும், கிளாஸர் பாதரசத்தைக் கொண்டு தானே மறுபடி அளந்தார்; 1976-இல் வந்த விடை குவாண்டத்துக்கு ஆதரவு. அதே ஆண்டு டெக்சாஸில் ஃப்ரையும் தாம்சனும் கண்டதும் அதுவே. ஹார்வர்டுக் கருவியின் கண்ணாடிக் குடுவையில் இருந்த இறுக்கம் ஒளியின் தளத்தைச் சற்றே திருப்பியிருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. 1978-இல் கிளாஸரும் ஷிமோனியும் இந்தச் சோதனைகள் அனைத்தையும் அலசி ஒரு விரிவான மதிப்பீடு எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு மதிப்பு குறைவு. கிளாஸருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி அமையவில்லை. ஸ்விட்சர்லாந்திலிருந்து நகலெடுத்து அனுப்பப்பட்ட 'எபிஸ்டமாலஜிகல் லெட்டர்ஸ்' என்ற சிறு வெளியீட்டில்தான் பல விவாதங்கள் நடந்தன. அதை நடத்தியவர்களில் ஷிமோனியும் ஒருவர். 1976-இல் அதே வெளியீட்டில் ஷிமோனி, ஹோர்ன், கிளாஸர் மூவரும் பெல்லிடமே ஒரு கேள்வி எழுப்பினார்கள். வடிகட்டியின் கோணத்தை நாம் தேர்ந்தெடுப்பதும் ஒளித்துகள் சுமக்கும் மதிப்பும் ஒன்றையொன்று சாராதவை என்று தேற்றம் எடுத்துக்கொள்கிறதே, இதற்கு என்ன ஆதாரம்?

இந்தச் சந்தேகங்கள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வந்தன. 1982-இல் பாரிஸ் அருகே ஓர்சேயில் ஆஸ்பெயின் குழு, ஒளித்துகள்கள் வழியில் இருக்கும்போதே அமைப்பை மாற்றிப் பார்த்தது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு வைரங்களுக்குள் இருந்த எலக்ட்ரான்களைக் கொண்டு நடந்த சோதனையில், பதிவாகாமல் போகும் துகள் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைத்த எண் 2.42. வியன்னாவும் அமெரிக்காவின் போல்டரும் அதே ஆண்டு உறுதி செய்தன. 2018-இல் வெளியான முடிவில், கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை குவேசார்கள் என்னும் தொலைதூர விண்பொருள்களின் ஒளியிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒளி குறைந்தது 780 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. 1976-இல் கேட்ட கேள்விக்கு அது ஒரு பதில். ஷிமோனி 2015 ஆகஸ்ட் 8 அன்று காலமானார். டெல்ஃப்டின் முடிவு அந்த அக்டோபரில் 'நேச்சர்' இதழில் அச்சேறியது.

எது விழுந்தது?

சோதனை முடிந்ததும் தத்துவவாதியின் வேலை முடிந்துவிடவில்லை. ஒன்றாகச் சேர்ந்து விழுந்த அனுமானங்களில் குற்றவாளி எது?

தத்துவவாதி ஜான் ஜாரெட்டின் பகுப்பாய்வைத் தொடர்ந்து 1980-களில் ஷிமோனி ஒரு பிரிவினையைத் தெளிவாக்கினார். இடது அறையின் பதில், வலது அறையில் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதைச் சார்ந்திருந்தால் அது ஒரு வகை. வலது அறையில் என்ன பதில் வந்தது என்பதைச் சார்ந்திருந்தால் இன்னொரு வகை. கேள்வியைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருப்பதால், முதல் வகைச் சார்பு இருந்தால் ஒளியை மிஞ்சும் வேகத்தில் செய்தி அனுப்பிவிடலாம். சார்பியல் கோட்பாடு நொறுங்கும். பதிலோ நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் 'ஆம்' பாதி, 'இல்லை' பாதி என்று தற்செயலாகவே வரும். குவாண்டம் கோட்பாடு மீறுவது இரண்டாவதை. ஆகவே குவாண்டமும் சார்பியலும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ முடியும் என்றார் ஷிமோனி. இந்தத் தீர்வு போதுமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

மெய்ப்பொருளியல் கேள்விகளைச் சோதனை தொடும் இந்த எல்லைப் பரப்புக்கு 'சோதனை மெய்ப்பொருளியல்' என்று பெயரிட்டார். குவாண்டம் கோட்பாட்டையும் அவர் கேள்விக்கு அப்பாற்பட்டதாக வைக்கவில்லை. அதன் அடிப்படைச் சமன்பாட்டைச் சற்று மாற்றும் கோட்பாடுகளை நியூட்ரான் குறுக்கீட்டுமானியால் சோதிக்கும் வழியை 1979-இல் முன்வைத்தார். மறு ஆண்டே எம்.ஐ.டி.யில் கிளிஃபர்ட் ஷல்லின் குழு அதைச் செய்து பார்த்தது. தேடிய மாற்றம் தென்படவில்லை. 1990-இல் கிரீன்பெர்கர், ஹோர்ன், ஸைலிங்கர் ஆகியோரோடு சேர்ந்து, மூன்றோ நான்கோ துகள்களைக் கொண்டு சமனிலியே தேவைப்படாமல் பெல்லின் முடிவை எட்டும் வழியை விளக்கினார். அவருடைய தத்துவக் கட்டுரைகள் 1993-இல் இரண்டு தொகுதிகளாக வந்தன. அறிவியல் தத்துவத்துக்கான லாகடோஸ் விருதை அவை பெற்றுத்தந்தன. அவர் குழந்தைகளுக்கும் ஒரு கதை எழுதினார். 1582-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15 ஆனது. காணாமல் போன அந்த நாட்களில் பிறந்தநாள் வரும் ஒரு சிறுவனின் கதை.

நால்வர் எழுதிய சமனிலி இன்று தொழில்நுட்பத்தின் அளவுகோலும் ஆகிவிட்டது. ஆர்தர் எகெர்ட் 1991-இல் முன்வைத்த ரகசியக் குறியீட்டு முறையில், இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்குச் சான்று அந்த எண் 2-ஐத் தாண்டுவதுதான்.

இந்தப் பயனை 1969-இல் யாரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. அன்று இருந்தது ஒரு கேள்வியும் அதை விட்டுவிட மறுத்த ஒரு பயிற்சியும்தான். விடையில்லாத கேள்வி என்று நாம் சொல்லும் பலவற்றுக்கு, இன்னும் யாரும் சரியான சோதனையைத் தேடிப் பார்க்கவில்லை என்பதே உண்மையான நிலை. அந்தத் தேடலுக்கு, அனுமானங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனமும் கருவியின் குறைகளை அறிந்த கையும் ஒரே மேசையில் அமர வேண்டும். தத்துவத்தையும் இயற்பியலையும் நம் கல்லூரிகளில் இரண்டு தனிக் கட்டடங்களில் பூட்டி வைத்திருக்கிறோம். இரண்டிலும் மனம் போகும் மாணவரிடம் ஒன்றைக் கைவிடச் சொல்லாமல் இருப்பது, ஷிமோனியின் வாழ்க்கையிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம்.